சீழ்க்கட்டி திரும்பத் திரும்ப வந்தால் எதிர்ப்பு சக்தி குறைந்துவிட்டது என்று பொருளா?

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் பத்தொன்பது வயது மகனுக்கு ஓராண்டுக்குள் நான்கு முறை தொடையிலும் இடுப்பிலும் சீழ்க்கட்டி வந்திருக்கிறது என்றும், ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் ஆறிச் சில வாரங்களிலேயே வேறோர் இடத்தில் கிளம்புகிறது என்றும், சீழிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையில் ‘ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ்’ என்ற பாக்டீரியா வந்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். ‘பையனுக்கு உடம்பில் எதிர்ப்பு சக்தியே இல்லை’ என்று உறவினர்கள் சொல்வது உங்களை மிகவும் வருத்தியிருப்பதும் கடிதத்தில் தெரிகிறது. நீங்கள் கேட்டிருப்பவை மூன்று. எதிர்ப்பு சக்தி உண்மையிலேயே குறைந்துவிட்டதா? தட்டம்மை ஒரு தடவை வந்தால் மறுபடி வருவதில்லையே, இந்தக் கிருமியை மட்டும் உடம்பு ஏன் நினைவில் வைத்துக்கொள்வதில்லை? எதிர்ப்பு சக்தியைக் கூட்டுவதாகச் சொல்லி விற்கப்படும் மாத்திரைகளைக் கொடுக்கலாமா?

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், பெரும்பாலும் இல்லை. உங்கள் மகனின் உடம்பு போராடவில்லை என்றால் அந்த இடத்தில் சீழே கட்டியிருக்காது. சீழ் என்று நாம் முகம் சுளிக்கும் அந்தத் திரவத்தில் பெரும்பகுதி, கிருமியைத் தேடிவந்து விழுங்கி, அந்தச் சண்டையிலேயே மடிந்த நியூட்ரோஃபில் என்னும் வெள்ளை அணுக்கள்தான். ஆரோக்கியமான ஒருவரின் எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்கு ஏறத்தாழ பத்தாயிரம் கோடி நியூட்ரோஃபில்களை உருவாக்குகிறது. கட்டி சிவந்து, சூடேறி, வலித்து, முகம் பழுத்ததெல்லாம் இந்தப் படை சரியான இடத்துக்குச் சரியான நேரத்தில் வந்து சேர்ந்ததற்கு அடையாளம். படை வந்தும் வேலை முழுதாக முடியவில்லை என்றால், கோளாறு படையில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. எதிரியின் கைத்திறனையும் பார்க்க வேண்டும்.

நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் பல ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில், அந்தக் கைத்திறனை எங்கள் மேசையின் மேலிருந்தே உங்களுக்குக் காட்ட முடியும் என்று நினைக்கிறேன். உங்கள் மகனின் சீழ் மாதிரி வந்தவுடன் அதில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, பாக்டீரியாக்களை நிறத்தால் பிரித்துக் காட்டும் கிராம் சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்த்திருப்பார்கள். இளஞ்சிவப்பாகத் தெரியும் நியூட்ரோஃபில்களுக்கு நடுவே, அடர்ந்த ஊதா நிறத்தில் சின்னஞ்சிறு உருண்டைகள் திராட்சைக் குலைபோல ஒட்டிக் கிடக்கும். 1880களின் தொடக்கத்தில் சீழில் இதைக் கண்ட ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன், திராட்சைக் குலையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால்தான் ஸ்டஃபிலோகாக்கஸ் என்று பெயரிட்டார். கூர்ந்து பார்த்தால், அந்த உருண்டைகளில் சில நியூட்ரோஃபிலுக்கு உள்ளேயே இருக்கும். விழுங்கப்பட்டிருக்கின்றன, ஆனால் விழுங்கப்பட்டவை அனைத்தும் செத்துவிடவில்லை என்பதை மறுநாள் வளர்ப்புத் தட்டில் முளைக்கும் கிருமிக் கூட்டங்கள் சொல்லிவிடும்.

அப்படி முளைத்தது ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ்தானா என்று உறுதிசெய்ய நாங்கள் வழக்கமாகப் பார்ப்பவை மூன்று. கிருமிக் கூட்டத்தின் பொன்னிறம் ஒன்று; ‘ஆரியஸ்’ என்றாலே பொன் என்றுதான் பொருள். அடுத்து, அதில் கொஞ்சம் எடுத்து ஹைட்ரஜன் பெராக்சைடுத் துளியில் வைத்தால் பொங்கி நுரைக்க வேண்டும். பிறகு, ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மா உள்ள சிறு குழாயில் கலந்து 37 டிகிரி வெப்பத்தில் வைத்தால், நான்கு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் உறைந்து, குழாயைச் சாய்த்தாலும் வழியாமல் கெட்டியாக நிற்க வேண்டும். பல ஆண்டுகளாக இவற்றை வெறும் அடையாளச் சோதனைகளாகவே செய்துவந்தேன். இந்த மூன்றும் அந்தக் கிருமி நம் உடம்புக்குள் தப்பிப் பிழைப்பதற்கு உதவுகிற கருவிகளே என்பது பின்னர்தான் எனக்கு உறைத்தது. அன்று முதல் அந்தப் பொன்னிறத் தட்டை நான் வேறு கண்ணோடுதான் பார்க்கிறேன்.

நியூட்ரோஃபில் ஒரு கிருமியை விழுங்கியதும், அதை ஒரு பைக்குள் அடைத்து அதன்மேல் ஆக்சிஜனிலிருந்து உண்டாக்கிய கடும் வேதிப்பொருள்களைக் கொட்டுகிறது. ஹைட்ரஜன் பெராக்சைடும், வெளுப்பானில் இருப்பது போன்ற ஹைப்போகுளோரஸ் அமிலமும் அவற்றில் சேரும். கிருமியின் பொன்னிறம் இந்தத் தாக்குதலைத் தாங்கும் ஆக்சிஜனேற்றத் தடுப்புப் பொருள். அந்த நிறமியை உண்டாக்க முடியாதபடி மாற்றப்பட்ட கிருமிகளை நியூட்ரோஃபில்கள் எளிதில் கொன்றுவிடுவதைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. பெராக்சைடுத் துளியை நுரைக்க வைத்த கேட்டலேஸ் என்னும் நொதி, பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைத்துக் கிருமிக்குத் துணை நிற்கிறது. குழாயில் பிளாஸ்மாவை உறைய வைத்த கோயாகுலேஸ், கட்டிக்குள் கிருமிக் கூட்டத்தைச் சுற்றி ஃபைப்ரின் இழைகளால் ஒரு வேலியை எழுப்புகிறது. அந்த வேலி நம்முடைய ரத்தப் புரதத்தால் ஆனது என்பதால் வெள்ளை அணுக்களுக்கு அது அந்நியமாகப் படுவதில்லை. வேலிக்குள் ரத்த ஓட்டமும் இல்லை. நல்ல மருந்து கொடுத்தும் கட்டியைக் கீறிச் சீழை வெளியேற்றாமல் பலருக்கு ஆறாததற்கு இது முக்கியமான காரணம்.

வேலியையும் மீறி வருகிற வெள்ளை அணுவின் சவ்வில் துளை போட்டுக் கொல்லும் நஞ்சுகளும் அதனிடம் உண்டு. நியூட்ரோஃபில்கள் சாகும் தறுவாயில் தம்முடைய டிஎன்ஏவையே வலைபோல வெளியே வீசிக் கிருமிகளைச் சிக்கவைக்கும். இந்தக் கிருமி அந்த வலையை நொதியால் அறுத்துவிடுகிறது. அறுத்த துண்டுகளிலிருந்தே வேறொரு நொதியின் துணையோடு ஒரு நஞ்சைச் செய்து, அடுத்த அணியாக வர வேண்டிய மேக்ரோஃபேஜ் என்னும் பெரிய விழுங்கணுக்களை நெருங்கவிடாமல் கொல்கிறது. நாம் வீசிய வலையின் நூலிலேயே நமக்குச் சுருக்குப் போடுகிறது என்று சொன்னால் மிகையில்லை.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கடிதத்தில் என்னை மிகவும் நிறுத்தி யோசிக்க வைத்த கேள்வி அதுதான். தட்டம்மை வைரஸுக்கு எதிராக ஒருமுறை உருவாகும் நினைவு வாழ்நாள் முழுதும் காப்பது உண்மை. ஸ்டஃபிலோகாக்கஸ் விஷயத்திலும் உடம்பு எதிர்ப்பொருளை, அதாவது ஆன்டிபாடியை, உருவாக்காமல் இல்லை. பெரியவர்கள் அனைவருடைய ரத்தத்திலும் இந்தக் கிருமிக்கு எதிரான ஆன்டிபாடிகள் ஏதோ ஓர் அளவில் இருக்கின்றன. ஆனால் அவை வேலை செய்யவிடாமல் தடுக்கப்படுகின்றன. ஆன்டிபாடியை இரண்டு கைகளும் ஒரு காலும் உள்ள உருவமாக நினைத்துக்கொள்ளுங்கள். கைகள் கிருமியைப் பிடிக்கும். வெளியே நீட்டி நிற்கும் காலை விழுங்கணு பற்றிக்கொண்டு, பிடிபட்ட கிருமியோடு சேர்த்து உள்ளே இழுக்கும். ஸ்டஃபிலோகாக்கஸ் தன் மேற்பரப்பில் ‘புரோட்டீன் ஏ’ என்ற ஒன்றைப் பதித்து வைத்திருக்கிறது. அது ஆன்டிபாடியைக் காலால் பிடித்துத் தலைகீழாக மாட்டிவிடுகிறது. ஆன்டிபாடி ஒட்டியிருக்கிறது, ஆனால் விழுங்கணு பற்றுவதற்குக் கால் கிடைப்பதில்லை. அதே புரோட்டீன் ஏ, ஆன்டிபாடிகளை உருவாக்கும் பி அணுக்களில் ஒரு பெரும் பகுதியைப் பிடித்துத் தேவையில்லாமல் தூண்டி அழியவும் வைக்கிறது. ஆகவே சரியான நினைவு உருவாக வேண்டிய இடத்திலேயே குழப்பம் விளைகிறது. பல பத்தாண்டு முயற்சிகளுக்குப் பிறகும் இந்தக் கிருமிக்கு அங்கீகரிக்கப்பட்ட தடுப்பூசி இல்லாமல் இருப்பதற்கு இப்படிப்பட்ட பல தந்திரங்களே காரணம் என்று நான் கருதுகிறேன். கோடிக்கணக்கான மனிதர்களின் உடம்புக்கு முடியாத ஒன்றை உங்கள் மகனின் உடம்பு செய்யவில்லை என்று அதன்மேல் குறைசொல்வது நியாயமாகாது.

நினைவை ஏமாற்றுவதற்கு எல்லாக் கிருமிகளும் இதே வழியைக் கையாள்வதில்லை. பேன் வழியாகவும் உண்ணி வழியாகவும் பரவும் மீள்காய்ச்சல் என்றொரு நோய் உண்டு. பொரேலியா என்னும் சுருள் பாக்டீரியாவால் வருவது. காய்ச்சல் சில நாள் கொதித்துத் திடீரென்று தணியும். ஒரு வாரம் போல நோயாளி நன்றாக இருப்பார். பிறகு மறுபடி அடிக்கும். முதல் காய்ச்சல் தணிந்தது, அந்த நேரத்தில் கிருமி போர்த்தியிருந்த மேற்புரதத்துக்கு உடம்பு ஆன்டிபாடி செய்து அவற்றை ஒழித்ததால்தான். ஆனால் கூட்டத்தில் ஒருசில கிருமிகள் அதற்குள் வேறொரு மேற்புரதத்துக்கு மாறியிருக்கும். அவை பெருகும்போது உடம்புக்கு அது புதிய நோய். இங்கே உடம்பின் நினைவில் பழுதே கிடையாது. நினைவில் வைத்த முகம்தான் மாறிவிட்டது.

நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸ் முகத்தை மாற்றுவதைவிட மூடிக்கொள்வதையே நம்பியிருக்கிறது. அதன் உடலைச் சுற்றிச் சர்க்கரைச் சங்கிலிகளாலான வழுவழுப்பான உறை இருக்கிறது. ரத்தத்தில் சுற்றிவந்து, கிருமிமேல் படிந்து அதை விழுங்கணுவுக்குக் காட்டிக்கொடுக்கும் காம்ப்ளிமென்ட் புரதங்கள் உள்ளே படிந்தாலும் உறைக்கு வெளியே நிற்கும் விழுங்கணுவுக்கு அவை எட்டுவதில்லை. அணு பிடிக்கப் போனால் வழுக்குகிறது. பிரிட்டிஷ் நுண்ணுயிரியலாளர் பிரெடெரிக் கிரிஃபித் 1928இல் வெளியிட்ட எலிச் சோதனைகளில், உறையுள்ள கிருமி எலியைக் கொன்றது, உறையை இழந்தது கொல்லவில்லை. மரபுப் பொருள் எது என்ற கண்டுபிடிப்புக்கு வழிகாட்டியதாகவே அந்தச் சோதனை பாடங்களில் பேசப்படுகிறது. ஒரு மருத்துவனுக்கு அதில் தெரிவது, உறை போனால் உயிர்க்கொல்லி சாதுவாகிவிடுகிறது என்ற எளிய உண்மை. அந்த உறையின் சர்க்கரைக்கு எதிராக ஆன்டிபாடியை உருவாக்கிவிட்டால் உறையே கைப்பிடியாகிவிடும். நிமோகாக்கஸ் தடுப்பூசிகள் செய்வது அதைத்தான். சர்க்கரை மட்டும் கொடுத்தால் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உடம்பு சரியாகக் கண்டுகொள்வதில்லை என்பதால், அதை ஒரு புரதத்தோடு பிணைத்துக் கொடுக்கிறார்கள். தப்பிக்கும் வழி தெரிந்ததால் அடைக்கும் வழியும் தெரிந்தது என்பதற்கு இதைவிட மனநிறைவு தரும் எடுத்துக்காட்டு என் துறையில் எனக்குத் தெரியாது.

காசநோய்க் கிருமியின் வழியோ முற்றிலும் வேறு. அது ஓடுவதில்லை, தன்னைக் கொல்ல வந்த மேக்ரோஃபேஜுக்குள்ளேயே குடியேறிவிடுகிறது. விழுங்கப்பட்ட கிருமி இருக்கும் பையோடு செரிமான நொதிகள் நிறைந்த இன்னொரு பை வந்து இணைய வேண்டும். அந்த இணைப்பையே அது தடுத்துவிடுகிறது. உலக மக்களில் ஏறத்தாழ கால்வாசிப் பேருக்கு இந்தத் தொற்று உள்ளே இருக்கலாம் என்றும், அவர்களில் 5 முதல் 10 சதவீதத்தினருக்கே வாழ்நாளில் நோயாக வெளிப்படும் என்றும் உலக சுகாதார அமைப்பு மதிப்பிடுகிறது. மெதுவாகப் பெருகியும் சில வேளை உறங்கியும் கிடக்கும் கிருமியைத் துடைத்தெடுக்க வேண்டியிருப்பதால்தான் அதற்கான சிகிச்சை மாதக்கணக்கில் நீள்கிறது.

மூன்றாவது கேள்வியான மாத்திரைகளைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன்: வேண்டாம். இதுவரை சொன்ன தந்திரங்களில் எதையாவது ‘எதிர்ப்பு சக்தியைக் கூட்டுவது’ சரிசெய்யுமா என்று எண்ணிப் பாருங்கள். தலைகீழாக மாட்டப்பட்ட ஆன்டிபாடியின் எண்ணிக்கை கூடினால் தலைகீழாக மாட்டப்பட்டவை கூடுமே தவிர வேறு பயன் இல்லை. இதைவிட முக்கியமான ஒன்றும் இருக்கிறது. நோய் எதிர்ப்பு மண்டலத்தைக் கட்டுமீறித் தூண்டுவதை ஸ்டஃபிலோகாக்கஸே ஓர் ஆயுதமாக வைத்திருக்கிறது. அதன் சில வகைகள் சூப்பர்ஆன்டிஜென் எனப்படும் நஞ்சுகளைச் சுரக்கின்றன. சாதாரணமாக ஒரு கிருமியின் ஒரு பகுதியை அடையாளம் காணும் டி அணுக்கள் (வெள்ளை அணுக்களில் ஒரு வகை) பல ஆயிரத்தில் ஒன்றாக இருக்கும். சூப்பர்ஆன்டிஜெனோ டி அணுக்களில் ஐந்தில் ஒரு பங்கு வரை ஒரே நேரத்தில் எழுப்பிவிடக்கூடியது. அந்தக் கூச்சலில் குறிபார்த்து அடிப்பது நடக்காது. காய்ச்சல் ஏறி, ரத்த அழுத்தம் சரிந்து, உறுப்புகள் செயலிழக்கும். 1978இல் நச்சு அதிர்ச்சி நோய் என்று விவரிக்கப்பட்டது இதுதான். எதிர்ப்பு என்பது கூடக்கூட நல்லது என்ற எண்ணம் எவ்வளவு தவறானது என்பதைக் கிருமியே நமக்குக் காட்டிவிடுகிறது. மகனுக்கு நல்ல தூக்கமும் போதிய உணவும் வேண்டும், வயதுக்குரிய தடுப்பூசிகளும் போட்டிருக்க வேண்டும். அதற்கு மேல் பாட்டிலில் வாங்க வேண்டியது எதுவும் இல்லை.

உண்மையான எதிர்ப்புக் குறைபாடு இப்படித்தான் இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தெரிந்தால் பயம் குறையும். நியூட்ரோஃபில்கள் மேலே சொன்ன ஆக்சிஜன் ஆயுதங்களைச் செய்ய முடியாமல் பிறப்பிலேயே குறைபாடுள்ள நாள்பட்ட கிரானுலோமா நோய் அரிதாகச் சிலருக்கு உண்டு. அவர்களுக்குத் தோலில் வரும் கட்டியோடு நிற்காது. நுரையீரலிலும் கல்லீரலிலும் நிணநீர் முடிச்சிலும் எலும்பிலும் சீழ் பிடிக்கும், பூஞ்சைத் தொற்றுகளும் வரும், பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே தொடங்கிவிடும். உங்கள் மகனுக்கு நிமோனியா அடிக்கடி வந்திருந்தாலோ, உள்ளுறுப்பில் சீழ் கட்டியிருந்தாலோ, குடும்பத்தில் சிறு வயதில் தொற்றால் இறந்தவர்கள் இருந்தாலோ மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். இவை எதுவும் இல்லை என்றால் அந்தத் திசையில் மனத்தை அலைய விட வேண்டாம். ரத்தச் சர்க்கரையை மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்; கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நியூட்ரோஃபில்களின் வேலையைக் கெடுக்கும். அக்குளிலும் தொடையிடுக்கிலும் மட்டுமே திரும்பத் திரும்ப வந்து தழும்போ சீழ் வடியும் புழையோ விட்டுச்சென்றால் அது ஹைட்ராடெனைட்டிஸ் என்னும் வேறு தோல்நோயாகவும் இருக்கலாம் என்பதால், தோல்நோய் மருத்துவர் ஒருவர் பார்ப்பது நல்லது.

கிருமி எங்கிருந்து திரும்ப வருகிறது என்பதே உங்கள் மகனைப் பொறுத்தவரை தேட வேண்டிய விஷயம். ஏறத்தாழ 20 முதல் 30 சதவீத மனிதர்கள் தம் மூக்கின் முன்பகுதியில் இந்தக் கிருமியை எந்தத் தொந்தரவும் இல்லாமல் நிரந்தரமாகச் சுமந்துகொண்டிருக்கிறார்கள். மூக்கிலிருந்து விரலுக்கும், விரலிலிருந்து சவரம் செய்த கீறலுக்கோ உராய்ந்த தோலுக்கோ அது போய்ச் சேர்கிறது. வீட்டில் வேறொருவர் மூக்கில் இருந்தாலும் துண்டு, சவரக்கத்தி வழியாக வந்துசேரும். ஆகவே மகனுக்கு மட்டும் மருந்து கொடுத்துக்கொண்டே இருப்பதில் பொருளில்லை. மூக்கிலிருந்து மாதிரி எடுத்துப் பார்க்கலாமா, மூக்கில் தடவும் மியூபிரோசின் களிம்பையும் குளோரெக்சிடின் குளியலையும் சில நாள்களுக்குப் பரிந்துரைக்கலாமா, வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் அது தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அவர் சொல்லாமல் களிம்பை மாதக்கணக்கில் தடவ வேண்டாம். மருந்துக்குப் பணியாத வகைகள் உருவாக அது வழிவகுக்கும். மருந்துக்குப் பணியாமை வேறு, எதிர்ப்பு மண்டலத்திடமிருந்து தப்புவது வேறு. உங்கள் மகனின் கிருமி வழக்கமான மருந்துகளுக்குப் பணிகிறது என்று அறிக்கையில் இருப்பது நல்ல செய்தி. அந்த நிலையைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். துண்டும் சவரக்கத்தியும் ஒவ்வொருவருக்கும் தனியாக இருக்கட்டும்.

கட்டியைப் பிதுக்கவே கூடாது. மேலுதட்டிலும் மூக்கைச் சுற்றியும் வந்தால் தொடவும் கூடாது. பிதுக்கும்போது உடைவது கிருமி எழுப்பிய அந்த வேலி. சீழ் வெளியே வருவதைவிட உள்ளே தள்ளப்படும் ஆபத்து அதிகம். குளிர்காய்ச்சல் வந்தாலோ, கட்டியைச் சுற்றியுள்ள சிவப்பு மணிக்கு மணி பரவினாலோ, கட்டி ஆறிய சில வாரங்களில் காரணமில்லாத கடும் முதுகுவலி தொடங்கினாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்; கிருமி ரத்தத்தில் கலந்து முதுகெலும்பிலும் இதய வால்விலும் தங்கக்கூடியது.

அடுத்த முறை கட்டி வந்தால், மாத்திரையைத் தொடங்குவதற்கு முன்பே மருத்துவரிடம் போய், கீறி எடுக்கும் சீழிலிருந்து கல்ச்சருக்கு மாதிரி அனுப்பச் சொல்லுங்கள். கட்டி சிறியதாக இருந்து முழுதாகக் கீறி வெளியேற்றப்பட்டால் மாத்திரையே தேவைப்படாமலும் போகலாம்; அதை அவர் பார்த்து முடிவு செய்வார். மாத்திரை கொடுத்தால் சொன்ன நாள் வரை கொடுத்து முடியுங்கள். முந்தைய நான்கு முறைகளின் அறிக்கைகளையும் தேதி வாரியாக ஒரே உறையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். நான்கிலும் ஒரே மருந்துகளுக்குப் பணியும் கிருமிதான் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்தாலே, அது வீட்டிலேயே தங்கித் திரும்பி வருகிறதா, ஒவ்வொரு முறையும் வெளியிலிருந்து புதிதாக வருகிறதா என்பதற்கு ஒரு குறிப்புக் கிடைத்துவிடும்.